கிளட்ச் மிதிக்கு மேலே ஒரு சுவிட்ச்

1958-ஆம் ஆண்டு கிரைஸ்லர் நிறுவனம் தன் விலையுயர்ந்த இம்பீரியல் கார்களில் 'ஆட்டோ பைலட்' என்றொரு வசதியைத் தனிக்கட்டணத்துக்குப் பொருத்தித் தரத் தொடங்கியது. டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும். வேண்டிய வேகத்துக்கு அதைத் திருப்பி வைத்துவிட்டால், ஏற்றம் வந்தாலும் இறக்கம் வந்தாலும் கார் அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு போகும். இன்று குரூஸ் கன்ட்ரோல் என்று எல்லோரும் சொல்லும் சங்கதி சந்தைக்கு வந்தது இப்படித்தான். அந்த இம்பீரியலில் கியர் கம்பியே கிடையாது. பித்தானை அழுத்தினால் போதும், மற்றதை டார்க்ஃபிளைட் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி பார்த்துக்கொள்ளும். கிளட்ச் மிதியும் இல்லை.

அதனால் ஓட்டுநரின் இடது கால் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் வளர்ந்தது குரூஸ் கன்ட்ரோல். உலகத்தில் பெரும்பாலான கார்கள் கையால் கியர் போட்டு ஓட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கார்களோடு ஒத்துப்போக இந்த வசதிக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. ஆனால் அதன் முன்னோர்களைத் தேடிப் போனால், அவர்கள் இருந்ததே கிளட்ச் உள்ள கார்களில்தான்.

வேகத்தைக் காக்கும் கருவிக்கு வயது மிக அதிகம். 1788-இல் ஜேம்ஸ் வாட்டும் மாத்யூ போல்ட்டனும் தங்கள் நீராவி எஞ்சினில் கவர்னரைப் பொருத்தினார்கள். சுழலும் தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்கும். எஞ்சின் வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து மேலெழும்பி நீராவி வால்வைச் சற்று மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழ்ந்து வால்வைத் திறக்கும். மாவரைக்கும் காற்றாலைகளில் ஏற்கெனவே இருந்த உத்திதான். அதை நீராவிக்குக் கொண்டுவந்தது வாட்டின் வேலை. கூடவே ஒரு தொல்லையும் வந்தது. சில கவர்னர்கள் வேகத்தை நிலைநிறுத்தாமல், ஏற்றுவதும் இறக்குவதுமாக ஓயாமல் ஊசலாடின. ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஜேம்ஸ் கிளர்க் மேக்ஸ்வெல் 1868-இல் கவர்னர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் கணிதம் வழியாக விடை தேடினார். இன்றைய கட்டுப்பாட்டுப் பொறியியல் தன் தொடக்க நூல்களில் ஒன்றாக அதைக் கருதுகிறது.

இந்தக் கவர்னர் 1900-ஐ ஒட்டி இங்கிலாந்தில் வில்சன்-பில்ச்சர் என்ற காரில் ஏறியது. ஸ்டியரிங்குக்கு அருகிலிருந்த ஒரு நெம்புகோலை நகர்த்தி வைத்தால் எஞ்சினின் வேகம் அங்கேயே நிற்கும். காரை வடிவமைத்த வால்ட்டர் கார்டன் வில்சன் பின்னாளில் முதல் உலகப்போரின் டாங்கிகளை உருவாக்கியவர்களில் ஒருவர் என்று பெயர் பெற்றார். பெயரில் பாதியாக இருக்கும் பெர்சி பில்ச்சர், 1899-இல் கிளைடர் விபத்தில் இறந்துபோன அவருடைய தோழர். வில்சன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கியர் பெட்டியோடு மல்லுக்கட்டுவதில் செலவிட்டவர். கியர் மாற்றும் சிரமத்தைக் குறைக்க அவர் வகுத்த பிரீசெலக்டர் பெட்டிகள் பிரிட்டிஷ் கார்களிலும் பேருந்துகளிலும் பிற்காலத்தில் ஓடின. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்துப் பியர்லெஸ் நிறுவனமும் 1910-களில் தன் கார்களில் குண்டு கவர்னரை வைத்து, மேட்டிலும் இறக்கத்திலும் வேகம் மாறாது என்று விளம்பரம் செய்தது.

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி வேறு வகை. அதில் ஆக்ஸிலரேட்டர் மிதியே இல்லை. ஸ்டியரிங் தண்டின் வலப்பக்கக் கைப்பிடிதான் த்ராட்டில். அதை ஓரிடத்தில் வைத்துவிட்டால் கையெடுத்துக்கொள்ளலாம் என்பதால், இதையே முதல் குரூஸ் கன்ட்ரோல் என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. கைப்பிடி த்ராட்டிலின் திறப்பை மட்டும் மாறாமல் வைக்கும். மேடு வந்தால் கார் தளரும், இறக்கம் வந்தால் பாயும். வேகத்தை அளந்து பார்த்து, குறைந்தால் கூட்டி, கூடினால் குறைப்பதுதான் கவர்னரின் வேலை. நம் ஊர் டிராக்டரில் கை ஆக்ஸிலரேட்டரை ஏற்றி வைத்துவிட்டு உழும்போது, ஏர் ஆழமாக இறங்கினாலும் எஞ்சின் படுத்துவிடாமல் ஈடுகொடுப்பது உள்ளேயிருக்கும் கவர்னரால்தான்.

பழைய கவர்னர்கள் காத்தது எஞ்சினின் சுழற்சியை. சாலை வேகத்தைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஒரே கியரில், கிளட்சிலிருந்து காலை எடுத்த நிலையில் ஓடும் காரில் இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. கணக்குக்கு ஒரு காரை எடுத்துக்கொள்ளலாம்: டயரின் சுற்றளவு 2 மீட்டர், கடைசிப் பல்சக்கர விகிதம் 4, ஐந்தாம் கியரின் விகிதம் 0.75. மணிக்கு 90 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு 750 முறை சுற்றும். எஞ்சின் 2,250 முறை. நான்காம் கியர் நேர் விகிதம் என்றால் அதே வேகத்துக்கு 3,000. கியரை மாற்றாதவரை ஒன்றைக் காத்தால் மற்றதைக் காத்ததாகவே ஆகும். கிளட்சை மிதித்த கணத்தில் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். பிற்காலத்தில் வந்த சிக்கல்கள் அனைத்தும் இந்த இடத்தில்தான் முளைத்தன.

குரூஸ் கன்ட்ரோலை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த ரால்ஃப் டீட்டர் கார் ஓட்டியவர் அல்லர். 1890-இல் இந்தியானா மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் சிற்றூரில் பிறந்தவர், ஐந்து வயதில் கத்தி பட்டு ஏற்பட்ட காயத்தில் பார்வையை முழுவதும் இழந்தார். குடும்பத்தின் தொழில் ரயில் தண்டவாளங்களைச் சோதிக்கும் சிறு வண்டிகள் செய்வது. அந்தப் பட்டறையில் இரும்பைத் தொட்டுத் தொட்டே வளர்ந்தார். 1912-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கினார். முதல் உலகப்போரின்போது நியூஜெர்சி மாநிலம் காம்டனில் இருந்த கப்பல் தளத்தில், போர்க்கப்பல்களின் நீராவி டர்பைன் சுழலிகளைச் சமன்செய்யும் வேலை அவருடையது. கண்ணுள்ளவர்கள் திணறிய அந்த வேலையில் விரல்களால் அதிர்வை உணர்ந்து வழி கண்டார். குடும்ப நிறுவனம் பிறகு பர்ஃபெக்ட் சர்க்கிள் என்ற பெயரில் பிஸ்டன் ரிங் செய்வதில் பேர் வாங்கியது. 1936-இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் தலைவராகவும் டீட்டர் இருந்தார்.

அவருடைய பேட்டன்ட் வழக்கறிஞர் ஹாரி லிண்ட்சே கார் ஓட்டும்போது பேச்சில் மூழ்கினால் வேகத்தைக் குறைப்பாராம். மற்றவர் பேசுவதைக் கேட்கும்போது கூட்டுவாராம். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு குலுக்கலையும் உடம்பால் அறிந்துகொண்டிருந்த டீட்டருக்கு எரிச்சல் வந்து, இதற்கு ஒரு கருவி செய்தாக வேண்டும் என்று முடிவெடுத்தார் என்பது அவரைப் பற்றி எப்போதும் சொல்லப்படும் கதை. நாட்டு நிலைமையும் அதே திசையில் தள்ளியது. 1942-இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து அறுந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் பால்வெட்டிய அந்தத் தோட்டங்களின் ரப்பர் இல்லாமல் டயர் இல்லை. டயர் தேய்மானத்தைக் குறைக்க நாடு முழுவதும் மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர், என்ற வேக வரம்பு அறிவிக்கப்பட்டது. ஒரே வேகத்தில் பொறுமையாக ஓட்டுவது போர்க்காலக் கடமையானது.

1950-இல் டீட்டருக்குப் பேட்டன்ட் கிடைத்தது. கருவிக்குப் பல பெயர்கள் வைத்துப் பார்த்து கடைசியில் 'ஸ்பீடோஸ்டாட்' என்று நிலைத்தது. சுழலும் தண்டிலிருந்து ஓட்டம் பெறும் ஒரு கவர்னர், குறித்த வேகம் வந்ததும் ஆக்ஸிலரேட்டர் மிதியைக் காலுக்கு எதிராகத் தள்ளும். ஓட்டுநர் மிதியில் காலை வைத்தபடியேதான் இருக்க வேண்டும். கருவி எச்சரிக்கும், அவ்வளவுதான். மீறி அழுத்தினால் வேகம் கூடும். இதோடு மின்காந்தப் பூட்டு ஒன்று பின்னர் சேர்ந்தது. பூட்டிவிட்டால் காலை எடுத்துவிடலாம். பிரேக்கைத் தொட்டால் பூட்டு விடுபடும். கிரைஸ்லர் 'ஆட்டோ பைலட்' என்ற பெயரில் விற்றது இதைத்தான்.

பிரேக்கைத் தொட்டால் விடுபடும் என்ற ஏற்பாடு ஆட்டோமேட்டிக் காருக்குப் போதுமானது. 1950-களின் முடிவில் அமெரிக்கப் பெருங்கார்கள் அநேகமாக எல்லாம் ஆட்டோமேட்டிக்காக மாறியிருந்தன. 1960-களில் அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் இந்த வசதியை மலிவாக்கிக் கொடுத்தபோதும், ஆட்டோமேட்டிக் பூண்ட பெரிய மாடல்களுக்கே கொடுத்தது.

எண்ணெய் நெருக்கடி நிலைமையை மாற்றியது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடைசெய்தன. 1974 ஜனவரியில் அமெரிக்க அரசு மணிக்கு 55 மைல் என்ற தேசிய வேக வரம்பைச் சட்டமாக்கியது. அகன்ற நெடுஞ்சாலையில் 88 கிலோமீட்டரைத் தாண்டாமல் மணிக்கணக்கில் ஓட்டுவது காலுக்கும் பொறுமைக்கும் சோதனை, தாண்டினால் அபராதம். குரூஸ் கன்ட்ரோல் ஆடம்பரத்திலிருந்து பெட்ரோல் சிக்கனப் பொருளாகப் பெயர் மாறியது. சிறிய கார்களும் விற்றன. அவற்றில் பல கையால் கியர் மாற்றுபவை. கார் வாங்கிய பிறகு தனியாகப் பொருத்திக்கொள்ளும் கிட்டுகளும் கடைகளுக்கு வந்தன: சுழலும் தண்டில் ஒட்ட இரண்டு காந்தங்கள், அவற்றின் ஓட்டத்தை எண்ண ஒரு கம்பிச்சுருள், கார்பரேட்டரை இழுக்க ஒரு வெற்றிடப் பெட்டி. கியர் கார் வைத்திருப்பவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு சுவிட்ச். கிளட்ச் மிதியின் மேல்முனையில் அதைத் திருகிவைக்க வேண்டும்.

அந்தச் சுவிட்ச் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? குரூஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓட்டுநர் கிளட்சை மிதிக்கிறார். சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுகிறது. கருவிக்கு அது தெரியாது. த்ராட்டில் இருந்த நிலையிலேயே திறந்திருக்கிறது. கார் மெல்லத் தளர்கிறது. வேகம் குறைகிறதே என்று கருவி மேலும் திறக்கிறது. வடம் இழுக்கையில் கயிறு அறுந்தால் இழுத்தவர்கள் மல்லாந்து விழுவதுபோல, பளு போன எஞ்சின் அலறிக்கொண்டு, சுற்றின் உச்ச வரம்பான சிவப்புக்கோட்டுக்குப் பாய்கிறது. அந்த நிலையில் கிளட்சை விட்டால் காரே ஒரு குதி குதிக்கும். ஆகவே கிளட்ச் மிதி சற்றே அசைந்தாலும் குரூஸ் ரத்தாக வேண்டும் என்பது விதியானது. மலிவான சில கிட்டுகள் சுவிட்சுக்குப் பதில் எஞ்சின் சுற்றை நேரடியாகக் கவனித்தன: சுற்று திடீரென்று எகிறினால் பிடியை விட்டுவிடும்.

மிதி சற்றே அசைந்தாலும் என்பதில் ஒரு சங்கடம் உண்டு. இடது காலை எப்போதும் கிளட்சின் மேலேயே வைத்து ஓட்டும் பழக்கம் பல ஓட்டுநர்களுக்கு உள்ளது. அவர்களுடைய காரில் குரூஸ் போட்டால் நிற்காது. மெக்கானிக்கிடம் போனால் அவர் முதலில் பார்ப்பது கிளட்ச் சுவிட்சையும் பிரேக் விளக்குச் சுவிட்சையும்தான். இரண்டில் ஒன்று தேய்ந்து போயிருந்தாலும் கருவி எழுந்திருக்காது.

இன்னொரு ஓட்டை கியர் கம்பியில் இருந்தது. கிளட்சைத் தொடாமலேயே கம்பியை நியூட்ரலுக்குத் தட்டிவிட முடியும். கிளட்ச் சுவிட்சுக்கு அது தெரியாது. இதைச் சமாளிக்க, எஞ்சின் சுற்றையும் சாலை வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழி வந்தது. மேலே சொன்ன காரில் 90-க்கு 2,250 என்ற விகிதம் பிசகினால், கட்டு அவிழ்ந்துவிட்டது என்று பொருள்.

மேட்டில் நடப்பதுதான் கியர் காரில் குரூஸ் போட்டவர்கள் எல்லோருக்கும் பழக்கமான காட்சி. 1,200 கிலோ எடையுள்ள அதே கார் 90 கிலோமீட்டரில் தட்டைச் சாலையில் ஓட ஏறத்தாழ 10 கிலோவாட் சக்தி போதும். நூறு மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் ஏற்றம் வந்தால், எடையை மேலே தூக்க மட்டும் இன்னும் 17 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். மொத்தம் 27. எஞ்சினின் முறுக்குவிசை 110 நியூட்டன் மீட்டர் என்றால் 2,250 சுற்றில் அது தரக்கூடியது 26 கிலோவாட்தான். த்ராட்டிலை முழுக்கத் திறந்தாலும் கார் தளரும். நான்காம் கியருக்கு இறக்கினால் 3,000 சுற்றில் 34 கிலோவாட் கிடைத்து, சிரமமின்றி ஏறிவிடும். ஆட்டோமேட்டிக் பெட்டி இந்த முடிவைத் தானே எடுக்கும். கியர் காரில் குரூஸுக்குக் கையிலிருப்பது த்ராட்டில் மட்டும். அது டாப் கியரிலேயே எஞ்சினைத் திணறடித்து, வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் பல கார்களில் தானே விலகிக்கொள்ளும். அதற்கு முன்பே கியரை இறக்குவது ஓட்டுநரின் பொறுப்பு. இறக்கத்தில் நிலைமை தலைகீழ். பழைய கருவி த்ராட்டிலை முழுக்க மூடும். அதற்குமேல் எஞ்சின் பிரேக்கிங்தான் துணை. டாப் கியரில் அது பலவீனம் என்பதால் கார் குறித்த வேகத்தைத் தாண்டி ஓடும்.

1970-களின் வெற்றிட முறைக்கு மேட்டில் தனியாக ஒரு சோதனை இருந்தது. த்ராட்டிலை இழுக்கும் ரப்பர்த் தோலுக்குப் பலம் எஞ்சினின் உறிஞ்சு குழாயில் இருக்கும் வெற்றிடம். த்ராட்டில் அகலத் திறந்தால் அந்த வெற்றிடமே குறைந்துபோகும். பலம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் கை தளரும் என்பதால், வெற்றிடத்தைச் சேமித்து வைக்க ஒரு சிறு தொட்டியையும் ஒருவழி வால்வையும் சேர்த்தார்கள்.

ரத்து செய்யும் சுவிட்சுகள் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு ஆபத்தாகவும் முடியலாம் என்பதை ஃபோர்டு நிறுவனம் பட்டறிந்தது. பிரேக் எண்ணெய் அழுத்தத்தை உணர்ந்து குரூஸைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று, உள்ளே கசிந்து, நிறுத்தி வைத்த வண்டியிலும் தீப்பிடிக்கக் காரணமாக இருந்தது. 1999 முதல் 2009 வரை பல தவணைகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

குண்டு கவர்னரின் இடத்தை மின்னணுச் சுற்றுகள் பிடிக்கத் தொடங்கியது 1960-களின் இறுதியில். ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் வேலை பார்த்த டேனியல் விஸ்னர் 1968-இல் ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டை வடிவமைத்தார். 1980-களின் பிற்பகுதியில் பி.எம்.டபிள்யூ. தன் 12 சிலிண்டர் கார்களில் த்ராட்டிலைக் கம்பி வடத்தால் இழுப்பதை விட்டுவிட்டு மின்மோட்டாரால் திறந்தது. இந்த முறை பரவியபின் குரூஸுக்கென்று தனிக்கருவியே தேவைப்படவில்லை. எஞ்சினை ஆளும் கணினிக்கு வேகம் தெரியும், சுற்று தெரியும், கிளட்ச் மிதித்திருப்பதும் தெரியும். ஸ்டியரிங்கில் நான்கு பித்தான்களும் சில வரி மென்பொருளும் போதும்.

இங்கேதான் கியர் கார்களின் குணம் மாறியது. ஐரோப்பாவில் பெருவாரியான கார்கள் அப்போதும் கிளட்ச் உள்ளவை. டேகோமீட்டரும் ஆறாவது கியரும் பழகிய ஜெர்மன் ஓட்டுநருக்கு, ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் குரூஸ் ரத்தாவது எரிச்சல். ஆகவே பல புதிய கார்களில் கிளட்சை மிதித்தால் கணினி எஞ்சின் சுற்றை அடக்கிக் காத்திருக்கும். கியர் விழுந்து கிளட்சை விட்டதும் பழைய வேகத்தை மறுபடி பிடித்துக்கொள்ளும். சில விநாடிகளுக்கு மேல் மிதித்தே வைத்திருந்தாலோ நியூட்ரலில் விட்டாலோதான் ரத்தாகும். எந்தக் கார் எப்படி என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும்.

இந்தியாவில் இந்த வசதிக்குச் சாலைதான் முதலில் தேவைப்பட்டது. சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தாவை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலை 2012 தொடக்கத்தில் நிறைவடைந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2011-இல், மஹிந்திரா எக்ஸ்யூவி 500 சந்தைக்கு வந்தது. அதன் உயர்ரக மாடலில் குரூஸ் கன்ட்ரோல் இருந்தது. ஆட்டோமேட்டிக் கியர் அப்போது எந்த மாடலிலும் இல்லை. அமெரிக்காவில் கிளட்சைத் துறந்தவர்களுக்கென்று விற்கப்பட்ட பொருளை இந்தியக் குடும்பங்கள் பல, ஆறு கியர் கம்பியோடு சேர்த்துத்தான் முதன்முதலாகப் பார்த்தன. பத்தாண்டுகளில் அது ஸ்விஃப்ட் போன்ற சிறு கார்கள் வரை இறங்கி வந்தது. 2018-இல் மத்திய அரசு கார்களுக்கு விரைவுச்சாலையில் 120, நான்குவழிச் சாலையில் 100 என்று உச்ச வரம்பு வைத்ததும், வேகக் கேமராக்கள் பெருகியதும் பித்தானுக்கு இன்னொரு பயனைக் கொடுத்தன. கிளட்சைக் கையால் இழுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அது போயிற்று: ஓசூர் டி.வி.எஸ். நிறுவனம் 2023-இல் கொண்டுவந்த அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310-இல் குரூஸ் கன்ட்ரோல் உண்டு.

முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைக்கும் அடாப்டிவ் வகை வந்தபோது பழைய சிக்கல் புதிதாக எழுந்தது. 1995-இல் மிட்சுபிஷி டயமான்ட்டே லேசர் கொண்டு முன்வண்டியை அளந்து, த்ராட்டிலையும் கியரையும் குறைத்தது. 1990-களின் முடிவில் மெர்சிடீஸ் ரேடாரையும் பிரேக்கையும் சேர்த்தது. இரண்டுமே ஆட்டோமேட்டிக் கார்கள். கிளட்ச் உள்ள காரை இப்படி நிறுத்தப் பார்த்தால், யாரும் கிளட்சை மிதிக்காததால் எஞ்சின் உதறிக்கொண்டு அணைந்துவிடும். ஆகவே 2023-இல் ஹோண்டா சிட்டியின் கியர் மாடலுக்கும் அடாப்டிவ் வசதி கிடைத்தபோது, நெரிசலில் நின்று நின்று நகரும் வேலை அதில் சேரவில்லை. வேகம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பொறுப்பு ஓட்டுநரிடம் திரும்பிவிடும்; சுங்கச்சாவடி வரிசையில் கிளட்சை மிதித்து முதல் கியர் போடுவது அவர் பாடு.

அந்த மிதியையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டது ஹூண்டாய். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாரான வென்யூ காரில் 2020-இல் ஐ.எம்.டி. என்ற பெட்டி வந்தது. கியர் கம்பி உண்டு, கிளட்ச் மிதி இல்லை. கை கம்பியைத் தொட்டு நகர்த்தும் எண்ணத்தை ஒரு உணரி அறிந்து சொல்ல, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கருவி கிளட்சைப் பிரிக்கும். எந்தக் கியர் என்பதை ஓட்டுநர் முடிவு செய்வார். எஞ்சினையும் சக்கரத்தையும் எப்போது பிரிப்பது, எப்போது சேர்ப்பது என்பது கணினியின் கைக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் விற்கும் புதுக் கார்களில் கியர் கார்களின் பங்கு இப்போது 2 விழுக்காட்டுக்கும் கீழே. இந்தியாவில் அவைதான் இன்னும் பெரும்பான்மை என்பதால், ஐ.எம்.டி. போன்ற இடைவழிகளும், கிளட்ச் மிதியின் மேல்முனைச் சுவிட்சும் இங்குள்ள ஆலைகளில் தொடர்ந்து பொருத்தப்படுகின்றன.